மீதி இருந்த பை

ஒரு பைதான் இருந்தது. காய்கறித் தட்டை இன்னும் கொஞ்சம் வெளியே இழுத்து, கேரட்டையும் பாதி நறுக்கிய முட்டைக்கோஸையும் ஒதுக்கிவிட்டு, பெனிட்டா கையை உள்ளே விட்டுத் துழாவினாள். பேக்கரியில் பன் போட்டுத் தருகிற பழுப்புக் காகிதப் பைகள் இரண்டு, வாயை மடித்து ரப்பர் பேண்ட் மாட்டி அவளே வைத்தவை, மழை விட்டதிலிருந்து ஃப்ரிட்ஜின் அடியில் அப்படியே கிடந்தவை. ஒன்றில் அலியம் கிழங்கு, இன்னொன்றில் டாஃபடில் கிழங்கு, இரண்டுமே குளிர் ஊர்ப் பூச்செடிகள். குளிர் போதாத ஊரில் கிழங்குக்குக் குளிர்காலம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இலை வரும், பூ வராது என்று எங்கோ படித்துவிட்டு அவள் அப்படி வைத்தபோது அவள் புருஷன் ஜெரால்டு, “கொடைக்கானலே ஸ்வெட்டர் போட்டுத் திரியுது, உன் வெங்காயத்துக்கு மட்டும் குளிர் பத்தலையா” என்று சிரித்தான். இன்று தை மாதத்து வெயில் முற்றம் முழுக்க விழுந்திருந்தது. பிள்ளை பால் குடித்துத் தூங்கிவிட்டாள். மாமியார், செசிலி அத்தை, “தலை ஒரு மாதிரியா இருக்கு, கொஞ்சம் சாஞ்சுக்கிறேன் தாயி” என்று பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். இதுதான் சமயம், வேலியோரப் பாத்தியில் ஊன்றிவிடலாம் என்று மண்வாரியைக்கூட எடுத்து வாசலில் வைத்துவிட்டுத்தான் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். ஒரு பை எங்கே போயிருக்கும்? ஜெரால்டு எடுத்திருக்க மாட்டான், அவன் இதைத் திறப்பதே தண்ணீர் பாட்டிலுக்குத்தான், காலையிலேயே வேலைக்குக் கீழே இறங்கிவிட்டான். வேறு யார், வீட்டில் இருப்பது அவளும் அத்தையும், தொட்டிலில் இன்னும் பெயர்கூட வைக்காத ஒரு பிள்ளையும்.

அப்புறம்தான் மத்தியானச் சாப்பாடு ஞாபகம் வந்தது. ஞாபகமாகக்கூட வரவில்லை, நாக்கில் வந்தது. பூண்டுக் குழம்பு. புளி தூக்கலாக, நல்லெண்ணெய் மேலே மிதக்க, உரித்த பூண்டு முழுசு முழுசாக. பிரசவம் பார்க்க வேண்டிய அம்மா குவைத் ஆஸ்பத்திரியில் நர்ஸ், லீவு கிடைக்கவில்லை, அதனால் வத்தலக்குண்டிலிருந்து அத்தை மலையேறி வந்தாள், வந்த நாளிலிருந்து குழம்பில் பூண்டு, ரசத்தில் பூண்டு, ராத்திரி படுக்கும்முன் பாலில் வேகவைத்துக் குழைத்த பூண்டு. பிள்ளைக்காரி பூண்டு தின்றால்தான் பால் ஊறும், நீ தின்பதுதான் பிள்ளைக்குப் போகும் என்பாள். இன்றைக்கு எப்படி இருந்தது குழம்பு? தெரியவில்லை. ஒரு வாரமாக ஜலதோஷம், மூக்கு இறுக அடைத்திருக்கிறது, எதைச் சாப்பிட்டாலும் சூடாக இருக்கிறது என்பது மட்டும்தான் தெரிகிறது. பாத்தியில் எந்த வரிசையில் எதை ஊன்றுவது என்று நினைத்துக்கொண்டே சோற்றைப் பிசைந்து தின்றிருக்கிறாள். வழவழவென்று ஒன்று பல்லில் பட்டதே, பட்டதா, இல்லை இப்போது நினைப்பதால் பட்டதாகத் தோன்றுகிறதா. டாஃபடில் கிழங்கு விஷம். பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் பெர்னதெத் ஒவ்வொரு வருஷமும் கிழங்கு தோண்டும்போது சொல்வாள், வெங்காயம் மாதிரி இருக்கும், வாயில் வைத்தீர்களோ வாந்தி, வயிற்றுவலி, அப்புறம் சொர்க்கம், அதுவும் சந்தேகம்தான். தனக்கு ஒன்றும் செய்யவில்லையே. வயிறு சாதாரணமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரிய உடம்பு தாங்கும். பாலில் இறங்கியிருந்தால்? குடித்தவள் தூங்கிக்கொண்டிருக்கிறாள். வழக்கமாக இவ்வளவு நேரம் தூங்குகிறவளா அவள்?

தொட்டிலருகே வந்து குனிந்தாள். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தால் போர்வையின் மடிப்புதான் தெரிந்தது. புறங்கையை மூக்கருகே கொண்டுபோனாள், இளஞ்சூடாக ஏதோ பட்டது, அது மூச்சா தன் கையின் சூடா. கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். மூச்சுதான். மூச்சு இருக்கிறது. ஆனால் விஷம் என்றால் முதலில் மூச்சா நிற்கும், முதலில் தூக்கம்தானே வரும். அத்தையைப் போய்க் கேட்டால் தீர்ந்தது. கதவைத் தள்ளி, அத்தை, ஃப்ரிட்ஜில் இருந்த பையை எடுத்தீர்களா என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைதான் வாயில் வரவில்லை. போன வாரம் அத்தை வசம்பைச் சுட்டுத் தேனில் உரைத்துப் பிள்ளை நாக்கில் தடவப் போனபோது, டாக்டர் கூடாதென்றார் என்று இவள் அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள். பிடுங்கியிருக்க வேண்டாம், கேட்டு வாங்கியிருக்கலாம். அத்தை “நாலு பிள்ளை வளர்த்தவ நான்” என்றுகூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் “தூக்கலாமாம்மா” என்று கேட்டுவிட்டுத் தூக்குகிறாள். அந்தக் கேள்வி ஒவ்வொன்றும் கன்னத்தில் விழுகிற மாதிரி இருக்கிறது. இப்போது போய், நீங்கள் என் பிள்ளைக்கு விஷம் வைத்துவிட்டீர்களா என்று கேட்பதா? எப்படி மாற்றிக் கேட்டாலும் அந்தக் கேள்வி அதுதான். கேட்டு, இல்லை என்று ஆகிவிட்டால், அத்தை பெட்டியைக் கட்டிவிடுவாள். ஆமாம் என்று ஆகிவிட்டால். அதற்கு மேல் நினைப்பு போகாமல் முட்டிக்கொண்டு நின்றது.

எந்தப் பை போயிருக்கிறது என்று தெரிந்தால் போதும். போனது அலியம் என்றால் பயமே இல்லை, அது வெங்காயம் பூண்டு சாதிதான், வாசல் அழகுக்கு வளர்க்கிற பூண்டு. பையின் மேல் எழுதி வைத்திருக்கலாம். எழுதவில்லை, ஏனென்றால் எழுதத் தேவை இருக்கவில்லை, ரப்பர் பேண்டை அவிழ்த்து முகர்ந்தால் தெரிந்துவிடும். அன்றைக்கும் அப்படித்தான் பிரித்தாள். பள்ளிக்கூடத்தில் புதுக் கட்டடம் வருகிறது, பழைய பூந்தோட்டத்தை எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஐந்து மாத வயிற்றோடு போய், மதரிடம் அனுமதி வாங்கி, உட்கார்ந்து உட்கார்ந்து தோண்டினாள். பூ உதிர்ந்து, இலையும் காய்ந்து போன பாத்தி. இலை இல்லாவிட்டால் எல்லாம் ஒன்றுதான், மண்ணுக்குள் வெள்ளையாக, சுண்டைக்காய்க்கும் எலுமிச்சைக்கும் நடுவில் ஒரு பருமன், பெரியதையெல்லாம் யாரோ முன்னாலேயே கொண்டுபோயிருந்தார்கள், பக்கத்தில் விட்ட குட்டிகள்தான் மிச்சம். ஒவ்வொன்றாக நகத்தால் கீறி மூக்கருகே பிடித்து, வெங்காய வாடை அடித்தால் இடது பக்கம், அடிக்காவிட்டால் வலது பக்கம். வாசலில் நின்ற வாட்ச்மேன், “என்னக்கா, மசக்கையா” என்று கேட்டான். சிரித்துக்கொண்டே முகர்ந்தாள். அந்த வாடையில் அவளுக்கு எட்டு வயதிலிருந்து பதினேழு வயதுவரை மொத்தமும் இருந்தது.

ஏப்ரல் முடிந்து மே பிறக்கும்போது அலியம் பூக்கும். தரையிலிருந்து நேராக ஒரு தண்டு, இடுப்புயரம், நுனியில் ஒரு ஊதாப் பந்து, நூறு நூறு சின்ன நட்சத்திரங்களை ஒட்டி உருட்டின மாதிரி. லீவுக்குப் பிள்ளைகள் எல்லாம் ஊருக்குப் போய்விட்ட பள்ளிக்கூடம், அம்மாவுக்கு லீவு இல்லாததால் பெனிட்டாவும், கம்பத்து நிலோஃபரும் மட்டும் விடுதியில். நிலோஃபருடைய அத்தா இரண்டாம் கல்யாணம் செய்துகொண்ட வருஷம் அது. ரெண்டு பேரும் அந்தப் பந்துகளுக்குப் பெயர் வைத்தார்கள், வரிசையில் முதலில் நிற்பது மதர், ஒல்லியாக ஒரு பக்கம் சாய்ந்தது கணக்கு டீச்சர், குட்டையாக உருண்டது சமையற்கட்டு மரியம்மா. மழை பெய்தால் எல்லா டீச்சரும் நனைந்து தலை தொங்கி நிற்பார்கள். “ஏ பெனி, இவங்கள்லாம் தலைக்கு எண்ணெய் வைக்கலடி, முட்டி போடச் சொல்லு.” ஜூன் மாதம் நற்கருணைத் திருவிழாவுக்கு சிஸ்டர் பெர்னதெத் பெருமையாக அலியம் வெட்டி சேப்பல் பீடம் முழுக்க வைத்தாள். பார்க்க அத்தனை அழகு. கதவையெல்லாம் சாத்தி, மெழுகுவர்த்தி ஏற்றி, சாம்பிராணி போட்டு, கூட்டத்தின் மூச்சுச் சூடும் சேர, பூசை நடுவில் மெதுவாக எழும்பியது வெங்காய வாடை. முதலில் ஒரு இருமல். பிறகு பெஞ்சு பெஞ்சாகத் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, சமையற்கட்டு ஜன்னலைச் சாத்தச் சொல்லி ஆள் அனுப்பினார். சிஸ்டர் பெர்னதெத் கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்தாள், அன்றைக்கு அவள் ஜெபித்த மாதிரி யாரும் எதற்கும் ஜெபித்திருக்க மாட்டார்கள். கடைசி பெஞ்சில் மதம் வேறாக இருந்தாலும் வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்த நிலோஃபர், வெளியே வந்ததும் சொன்னாள், “உங்க சாமிக்கு இன்னைக்கு சாம்பாருடி.” இப்போது அரபு நாட்டில், சலாலாவில் இருக்கிறாள், ரெண்டு பிள்ளை, போன் செய்தால் இதைத்தான் முதலில் சொல்லிச் சிரிப்பாள். போன் செய்யலாமா? செய்து என்ன சொல்வது. சிரிப்பாள். சிரிக்காவிட்டால் அது இன்னும் பயம்.

அந்த வருஷம்தான் ஞானோபதேச வகுப்பில் அவசர ஞானஸ்நானம் சொல்லிக்கொடுத்தார்கள். சாகக் கிடக்கிற பிள்ளைக்கு, சாமியார் வந்து சேர நேரம் இல்லாவிட்டால், யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், நெற்றியில் தண்ணீர் ஊற்றி அந்த வார்த்தைகளைச் சொன்னால் போதும். பழகிப் பார்க்க பொம்மை இல்லை. தோட்டத்துக்கு ஓடி, அலியம் ஒன்றைத் தண்டோடு வளைத்துப் பிடித்து, அந்த ஊதாத் தலையில் டம்ளர் தண்ணீரை ஊற்றிப் பழகினார்கள். நிலோஃபர்தான் ஞானத்தாய். “பேர் வைக்காம ஊத்தாதீங்கடி, பாவம்” என்றாள். எத்தனை தலைக்கு ஊற்றினார்கள், எத்தனை பெயர் வைத்தார்கள், தண்ணீர் பூவுக்குள் இறங்கி நட்சத்திரம் நட்சத்திரமாகச் சொட்டியது. வருகிற ஞாயிற்றுக்கிழமை தொட்டிலில் கிடக்கிற இவளுக்கு ஞானஸ்நானம். தையற்காரரிடம் வெள்ளைச் சட்டை தயாராக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. பெனிட்டாவின் கண் மேசைமேல் இருந்த டம்ளருக்குப் போனது, போய் வேறு எங்கோ பார்ப்பது மாதிரி விலகியது, மறுபடியும் போனது. ஊற்றினால் என்ன தப்பு. ஒன்றும் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஊற்றுவது என்றால், சாகக் கிடக்கிற பிள்ளை என்று தன் வாயால் சொல்வது. வார்த்தையில் இல்லாவிட்டாலும் கையால் சொல்வது. டம்ளரைக் கையில் எடுத்து வெகுநேரம் நின்றாள். விளிம்பில் தொங்கிய ஒரு சொட்டு தானாக நழுவிப் பிள்ளையின் புருவத்தில் விழுந்தது. பிள்ளை முகத்தைச் சுளித்து, உதட்டைக் கோணி, தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு தூங்கினாள். பெனிட்டா டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். சுளித்தாளே. சுளிக்கிற பிள்ளைக்கு என்ன. ஆனால் அழவில்லையே, குளிர்ந்த தண்ணீர் பட்டால் வீறிட்டு அழுகிறவள்தானே.

சமையற்கட்டுக்கு வந்து மீதி இருந்த பையைத் திறந்தாள். முகர்ந்தாள், ஒன்றும் இல்லை, மூக்கைச் சிந்திவிட்டு முகர்ந்தாள், காகித வாடைகூட வரவில்லை. ஒன்றை எடுத்து நகத்தால் கீறி முகர்ந்தாள். சுவரில் மூக்கை வைத்த மாதிரி இருந்தது. நாக்கில் வைத்துப் பார்க்கலாமா? பால் கொடுக்கிறவள், அது டாஃபடிலாக இருந்தால்? அப்போதுதான் ஒன்று உறைத்தது. இந்தப் பையில் இருப்பது டாஃபடிலாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் போனது அலியம். அத்தனை மாதம் காத்து வைத்த, ஐந்து மாத வயிற்றோடு மண்ணில் உட்கார்ந்து பொறுக்கிய, இனிமேல் அந்தப் பள்ளிக்கூடத்தில்கூட இல்லாத அலியம், ஒன்று விடாமல் குழம்பில் வெந்து தன் வயிற்றில் போயிருக்க வேண்டும். மாதாவே, அதுவாக இருக்கட்டும், ஒரு பூகூட வேண்டாம், அந்த வரிசை முழுக்கப் போகட்டும். கத்தியை எடுத்துக் கிழங்கை இரண்டாக வெட்டினாள். மூக்கு செத்தால் என்ன, கண் இருக்கிறது, வெங்காயச் சாதி என்றால் கண்ணைக் கரிக்கும். வெட்டிய துண்டுகளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். கண்ணில் நீர் வந்தது. நிறைய வந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் பிடித்தாள், மறுபடியும் வந்தது. துண்டுகளைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி ஜன்னலருகே போய் நின்றாள், அங்கேயும் வந்தது. கிழங்கினால் வருகிறதா, தானாக வருகிறதா, எப்போதிலிருந்து அழுதுகொண்டிருக்கிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

பக்கத்து அறையின் கதவை அவள் தள்ளவில்லை, கை தள்ளியது. ஜன்னல் திரை இழுத்துவிட்டிருந்தது. அத்தை சுவர்ப்பக்கம் திரும்பி, முழங்காலை மடக்கி, சின்னப் பிள்ளை மாதிரி சுருண்டு கிடந்தாள். கட்டிலுக்கடியில் பிளாஸ்டிக் பேசின் ஒன்று. “அத்தை” என்றாள் பெனிட்டா. “ஃப்ரிட்ஜுல ஒரு காகிதப் பை இருந்துச்சு, அதை எடுத்தீங்களா அத்தை?”

அத்தை திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே பேசினாள். “எடுத்தேன். ஒத்தப் பல்லுப் பூண்டுன்னு நினைச்சேன். ஜெரால்டு உனக்குன்னு சொல்லி வாங்கி வச்சிருக்கான்போலன்னு நினைச்சுட்டேன். அது வெல கூடுன பூண்டுல்ல.”

“எனக்குக் குழம்புல போட்டீங்களா?”

“உனக்கா?” இப்போது திரும்பினாள். முகம் சுண்ணாம்பாக இருந்தது, உதட்டைச் சுற்றி வேர்வை. “உனக்கு எப்படிப் போடுவேன். பால்ல வேக வச்சுத் தரலாம்னு வேகவச்சு, ஒண்ணை வாயில போட்டுப் பார்த்தேன். காரமும் இல்ல, ஒண்ணும் இல்ல, வழவழன்னு சளி மாதிரி. இது கெட்டுப்போன பூண்டு, பிள்ளைக்காரிக்கு ஆகாதுன்னு எடுத்து வச்சுட்டு, கடைப் பூண்டைத்தான் உனக்குக் குழம்பு வச்சேன்.”

பெனிட்டா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். உடம்பு முழுக்க இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று சரசரவென்று அவிழ்ந்து இறங்கியது, ஜாக்கெட் நனைந்தது, பால் தானாகச் சுரந்திருந்தது. இல்லை. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. சுளித்தாளே, அது நல்ல சுளிப்புதான். ஒரு நிமிஷம் முழுசாக அவள் சந்தோஷமாக இருந்தாள். அப்புறம் பேசினைப் பார்த்தாள். சுண்ணாம்பு முகத்தைப் பார்த்தாள்.

“வேகவச்சதை என்ன பண்ணீங்க அத்தை?”

“என்ன பண்ணுவேன். வெல கொடுத்து வாங்குனது, கொட்ட மனசு வரல. நானே சோத்துல போட்டுப் பிசைஞ்சு தின்னுட்டேன்.” அத்தை மூச்சு வாங்கினாள். “தொண்டையெல்லாம் நமநமன்னு அரிக்குது. மூணு நாலு வாட்டி வாந்தி எடுத்துட்டேன். மலைக் குளிரு ஒத்துக்கலைன்னு நினைச்சேன். பிறகு அந்தப் பூண்டுதானோன்னு தோணுச்சு.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னா, யாரைக் கேட்டு எடுத்தீங்கன்னு கேப்ப.” அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். “கேக்கவேண்டியதுதான். உன் வீடு.”

பிறகு நடந்தது எல்லாம் வேகமாக நடந்தது. பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள், டூட்டி நர்ஸ் எடுத்தாள், வாந்தி வந்துவிட்டது நல்லதுதான், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும், ஆனாலும் வயசானவர், டிரிப் போட வேண்டும், படுக்க விடாமல் உட்காரவைத்துக் கூட்டி வாருங்கள், தூங்கவிட வேண்டாம் என்றாள். கீழ்வீட்டுச் சவரி அண்ணன் ஜீப்பைத் திருப்பி வாசலில் போட்டார். அத்தை சேலை மாற்றாமல் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றாள், அடுப்பில் பால் இருக்கிறது என்றாள், பிள்ளை முழித்தால் என்ன செய்வாய் என்றாள். “வாயை மூடிட்டுக் கையைக் குடுங்க” என்று பெனிட்டா சொன்னாள், சொல்லிவிட்டுத் தானே திகைத்துப்போனாள், அவளுடைய கல்யாணத்துக்குப் பிறகு அத்தையிடம் அப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. அத்தை வாயை மூடிக்கொண்டு கையைக் கொடுத்தாள். கை ஜில்லென்று இருந்தது. ஜீப் கிளம்பிய சத்தத்தில் பெனிட்டாவின் மடியில் கிடந்த பிள்ளை முழித்து, பசியில், ஊரே கேட்கும்படி வீறிட்டாள். பெனிட்டா சால்வைக்குள் வைத்து அவளுக்குப் பால் கொடுத்தாள். மறுபக்கம் அத்தை அவள் தோளில் தலை சாய்த்திருந்தாள், பேசினை மடியில் பிடித்துக்கொண்டு, கண் சொருகச் சொருக.

“தூங்கக் கூடாதாம். ஏதாவது பேசிக்கிட்டே வாங்க அத்தை.”

“என்னத்தப் பேச.”

“எதையாவது. என்னைத் திட்டுங்க.”

ஜீப் ஒரு வளைவில் திரும்பியது, மரங்களுக்கு நடுவில் வெயில் விட்டு விட்டு வந்தது. பெனிட்டா அந்தக் கையை அழுத்தினாள், இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

“கல்யாணத்தன்னைக்கு,” என்று அத்தை ஆரம்பித்தாள், குரல் கரகரவென்று இருந்தது, “போட்டோவுக்கு நிக்கையில, என்னை ஒரு ஓரமாத் தள்ளிட்டு, உன் கூடப் படிச்சவளுகளை எல்லாம் நடுவுல நிக்க வச்ச பாரு. அதுல இருந்து சொல்லவா?”

“அதுல இருந்தே சொல்லுங்க” என்றாள் பெனிட்டா.